தீக்குச்சியும் பள்ளிக்கூடமும்: சாத்தூர் வட்டாரக் குழந்தை உழைப்பை முன்வைத்து அமெரிக்க, நார்வே அரசியல் பண்பாடுகள் - ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் நிலவிய குழந்தை உழைப்பு 20ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளின் குழந்தை உழைப்பை ஒழிக்க அமெரிக்கா முன்வைத்த வழியும் நார்வே முன்வைத்த வழியும் வேறுவேறானவை. அமெரிக்கா சரக்கின் வழியாகவும் நார்வே அரசின் கடமை வழியாகவும் சிக்கலை அணுகின. இவ்வேறுபாட்டின் வேர்கள் அவ்விரு நாடுகளின் சொந்த வரலாற்றில், குறிப்பாகத் தீக்குச்சித் தொழிலின் வரலாற்றில், இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இரு நாடுகளும் தம் மண்ணில் குழந்தைகளை ஆலையிலிருந்து மீட்டபோது பெரியவர்களின் பணிநிலையையும் உடன் சீர்செய்தன என்பதும், உலகுக்கு எடுத்துரைத்தபோது அவ்விணைப்பு தளர்ந்தது என்பதும் இதன் முடிபுகளாகும்.

கருச்சொற்கள்: சாத்தூர், சிவகாசி, தீப்பெட்டித் தொழில், குழந்தை உழைப்பு, அமெரிக்கா, நார்வே, அரசியல் பண்பாடு.

முன்னுரை

அமெரிக்காவும் நார்வேயும் மக்களாட்சி நாடுகள், செல்வ நாடுகள், வட அத்திலாந்திய உடன்படிக்கை அமைப்பில் 1949 முதல் ஒன்றாக இருப்பவை. 19ஆம் நூற்றாண்டில் பல லட்சம் நார்வேயர் அமெரிக்காவில் குடியேறினர். ஆகவே, மேலைநாடுகள் என்னும் ஒரே பெயருக்குள் இரண்டையும் அடக்கிப் பேசும் வழக்கம் தமிழில் உண்டு. அவ்வழக்கம் ஒரு முதன்மையான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அரசு என்பது யார், சந்தை என்பது எதற்கு, குழந்தை யாருடைய பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கு இவ்விரு சமூகங்களும் தரும் விடைகள் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டைக் கருத்தளவில் விளக்குவதைவிட ஒரே பொருளின் மேல் வைத்துக் காண்பது தெளிவு தரும். அப்பொருள் தீக்குச்சி. அமெரிக்கா, நார்வே ஆகிய இரண்டும் தீக்குச்சி ஆலைகளின் துயரை அறிந்தவை. சாத்தூர் அத்துயரைப் பின்னாளில் அறிந்த ஊர்.

சாத்தூர் வட்டாரமும் தொழிலும்

வைப்பாற்றின் கரையில் அமைந்த சாத்தூர் கரிசல் நிலத்தின் ஊர். மழையை நம்பிய வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. 1920களில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதை அடுத்து இத்தொழில் இப்பகுதியில் வேரூன்றியது. பட்டாசுத் தொழில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வளர்ந்தது. வறண்ட தட்பவெப்பம் இரண்டுக்கும் ஏற்றதாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகியவற்றை இணைக்கும் பரப்பு முழுவதும் கைத்தொழிலாகவே தீப்பெட்டி உருவானது.

கைத்தொழில் என்பதே குழந்தைகளை உள்ளிழுத்தது. சட்டத்தில் குச்சிகளை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், பட்டாசுக் குழாய் சுருட்டுதல், திரி வைத்தல் ஆகியவை விரைவான சிறு விரல்களுக்குரிய வேலைகளாகக் கருதப்பட்டன. எண்ணிக்கைக்கேற்ற கூலியும் முன்பணமும் குடும்பத்தைத் தொழிலோடு பிணைத்தன. 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு தமிழ்நாடு அரசுக்கு அளித்த அறிக்கை இந்நிலையைப் பதிவு செய்தது. 1990இல் சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அதனை உலக அரங்குகளுக்குக் கொண்டுசென்றது. 1991இல் வெளிவந்த மைரன் வீனரின் நூல், இந்தியாவில் குழந்தை உழைப்பு நீடிப்பதற்கு வறுமையைவிடக் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தாத அரசின் மனப்போக்கே காரணம் என வாதிட்டது. அவர் அமெரிக்க அரசியல் அறிஞர். ஆயினும் அவர் சுட்டிய மருந்து அமெரிக்க அரசு பின்னர்க் கையிலெடுத்த மருந்தன்று என்பது கருதத்தக்கது.

இரு தேசிய நாள்கள்

ஒரு சமூகம் தன்னைத் தானே எவ்வாறு கொண்டாடுகிறது என்பது அதன் அரசியல் பண்பாட்டின் வெளிப்படையான அடையாளமாகும். அமெரிக்கர் ஜூலை 4ஆம் நாளை வாணவேடிக்கையால் கொண்டாடுகின்றனர். நகரங்கள் நடத்தும் பெருங்காட்சிகளோடு தனிமனிதர் தம் வீட்டு முற்றத்தில் வெடிப்பதும் அந்நாளின் மரபு. வெடிப்பதற்குரிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தனிமனிதர் வெடிப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது; வேறு பல மாநிலங்களில் விற்பனை தாராளமாக நடைபெறுகிறது.

நார்வேயின் தேசிய நாள் மே 17. 1814இல் எய்ட்ஸ்வோல் என்னும் இடத்தில் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாள் அது. அந்நாளின் நடுவம் வெடி அன்று. பள்ளிக் குழந்தைகளின் அணிவகுப்பு. எழுத்தாளர் பியோர்ன்ஸ்டியர்ன பியோர்ன்சன் முன்முயற்சியால் 1870இல் தலைநகரில் இது தொடங்கியது. முதலில் சிறுவர் மட்டுமே நடந்தனர். 1889 முதல் சிறுமியரும் சேர்ந்தனர். படை அணிவகுப்புக்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளியும் தன் கொடியோடு செல்கிறது. நார்வேயில் தனிமனிதர் அனுமதியின்றி வாணவேடிக்கை நிகழ்த்தக்கூடிய நேரம் டிசம்பர் 31 மாலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை மட்டுமே. குச்சியோடு கூடிய வாணங்கள் 2008 முதல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டுள்ளன. இவ்விதிகள் நாடு முழுமைக்கும் உரியவை.

ஒரு நாட்டின் திருநாளில் வெடியும் மற்றொன்றின் திருநாளில் பள்ளிக் குழந்தையும் நடுவிடம் பெறுகின்றன. வெடியையும் குழந்தையையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த சாத்தூர் வட்டாரத்திலிருந்து நோக்குகையில் இவ்வேறுபாடு வெறும் விழா வேறுபாடாகத் தோன்றுவதில்லை.

அமெரிக்க வழி: சரக்கின் மீதான சட்டம்

வெண்பாஸ்பரத்தால் செய்யப்பட்ட பழைய தீக்குச்சிகள் தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தன. அத்தகைய தீக்குச்சிகளைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1906இல் பெர்ன் நகரில் உருவாயிற்று. அமெரிக்கா அதில் சேரவில்லை. ஆலைக்குள் நிகழ்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது எனக் கருதப்பட்டதே காரணம். அதனால் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 100 தீக்குச்சிக்கு 2 சென்ட் வரி விதிக்கப்பட்டது. விற்று ஈட்டுவதைவிட வரி மிகுதியானதால் தொழில் தானே நின்றது. ஆலையைத் தொட இயலாத நடுவண் அரசு சரக்கைத் தொட்டது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த இந்தியாவில் 1913இல் நேரடித் தடைச்சட்டமே இயற்றப்பட்டது.

குழந்தை உழைப்பிலும் இதே உத்தி கையாளப்பட்டது. 1916ஆம் ஆண்டின் கீட்டிங்-ஓவன் சட்டம் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை நேரடியாகத் தடுக்கவில்லை. அவர்கள் உழைத்த ஆலையின் சரக்கு மாநில எல்லையைக் கடப்பதைத் தடுத்தது. 1918இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1924இல் முன்மொழியப்பட்ட அரசமைப்புத் திருத்தம் போதிய மாநிலங்களின் இசைவைப் பெறவில்லை. இறுதியில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில்நிலைச் சட்டமே நிலைத்தது. 1941இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. குழந்தை உழைப்புத் தடை, பெரியவர்க்குரிய குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம் ஆகிய மூன்றையும் அச்சட்டம் ஒன்றாக வகுத்தது. வேளாண்மையில் குழந்தைகள் உழைப்பதற்கு அது அளித்த விலக்குகள் இன்றும் தொடர்கின்றன.

நார்வே வழி: பள்ளியும் கண்காணிப்பும்

நார்வேயின் வரலாற்றில் 1889ஆம் ஆண்டு தனித்துக் கருதத்தக்கது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட மக்கள் பள்ளிச் சட்டம், செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பள்ளியில் 7 ஆண்டுகள் பயிலும் அடித்தளத்தை இட்டது. அதே ஆண்டில்தான் சிறுமியர் மே 17 அணிவகுப்பில் சேர்ந்தனர். அதே ஆண்டின் அக்டோபரில் இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவின் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், பாஸ்பர நோய் ஆகியவற்றுக்கு எதிராக அவர்கள் கிளர்ந்தனர். குழந்தைகள் அணிவகுப்பைத் தொடங்கிய பியோர்ன்சன் இப்பெண்களுக்கும் ஆதரவு அளித்தார். போராட்டம் உடனடி வெற்றி பெறவில்லை எனினும் பெண் தொழிலாளர் அமைப்புகளுக்கு அது வித்தாயிற்று.

1892இல் ஆலைக் கண்காணிப்புச் சட்டம் வந்தது. 12 வயதுக்குக் குறைந்தோர் ஆலை வேலையில் சேர்க்கப்படலாகாது, 12 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கு வேலைநேரம் வரையறுக்கப்படும், அதனைப் பார்வையிட அரசு அலுவலர் இருப்பர் என்பன அதன் கூறுகள். ஒருபுறம் பள்ளி, மறுபுறம் கண்காணிப்பாளர், இடையில் தொழிலாளர் அமைப்பு என மூன்றும் மூன்றாண்டு எல்லைக்குள் உருவாயின. சிறிய, பெரிதும் ஒருபடித்தான மக்கள்தொகையும் நடுவண் ஆட்சிமுறையும் இதற்குத் துணை நின்றன. இன்று ஏறத்தாழ 55 லட்சம் மக்களைக் கொண்ட நாட்டின் அனுபவத்தை 33 கோடிக்கு மேற்பட்டோர் வாழும் கூட்டாட்சி நாட்டோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு நினைவிற்கொள்ளத் தக்கது.

1990கள்: ஹார்கின் சட்டமுன்வடிவும் ஆஸ்லோ மாநாடும்

அமெரிக்க மேலவை உறுப்பினர் டாம் ஹார்கின் 1992இல் குழந்தை உழைப்புத் தடுப்புச் சட்டமுன்வடிவை அறிமுகம் செய்தார். 15 வயதுக்குக் குறைந்தோர் உழைத்து உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுப்பது அதன் நோக்கம். மாநில எல்லை நாட்டு எல்லையாக விரிந்தது என்பதைத் தவிர, இது 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே வடிவம். அது மீண்டும் மீண்டும் முன்மொழியப்பட்டும் சட்டமாகவில்லை. ஆயினும் அச்சமே செயல்பட்டது. வங்கதேச ஆடை ஆலைகள் பல்லாயிரம் குழந்தைகளை வேலையிலிருந்து நீக்கின. அவர்களுள் பலர் இன்னும் கொடிய வேலைகளுக்குச் சென்றதை யுனிசெஃப் பதிவு செய்தது. 1995 ஜூலை 4இல் டாக்காவில் கையெழுத்தான ஒப்பந்தம் நீக்கத்துக்கு முன் பள்ளி என்னும் ஒழுங்கை வகுத்தது. 2009 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில் இந்தியத் தீப்பெட்டியும் பட்டாசும் இடம்பெற்று வருகின்றன. இதுவும் சரக்கையே பெயர் சுட்டும் முறையாகும்.

நார்வே அரசு 1997 அக்டோபரில் ஆஸ்லோவில் பன்னாட்டுக் குழந்தை உழைப்பு மாநாட்டைக் கூட்டியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப் அமைப்பும் துணைநின்றன. அரசுகள், தொழிலாளர் அமைப்புகள், முதலாளிகள் ஆகிய முத்தரப்பையும் ஒரே அவையில் அமர்த்துவது நார்வேயின் உள்நாட்டு வழக்கம்; அதுவே உலக அளவில் மேற்கொள்ளப்பட்டது. தொடக்கக் கல்வி, காலவரையறை கொண்ட தேசியத் திட்டம், நம்பத்தக்க புள்ளிவிவரம் ஆகியவை அம்மாநாட்டின் செயல்நிரலில் முதன்மை பெற்றன.

நார்வே சந்தையைக் கையாளவே இல்லை என்று கொள்வது பிழையாகும். எண்ணெய் வருவாயிலிருந்து உருவான அரசு முதலீட்டு நிதி 2006இல் தொழிலாளர் உரிமை மீறலைக் காரணம் காட்டி அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனப் பங்குகளை விலக்கியது. அமெரிக்கத் தூதர் அதனைக் கண்டித்தார். ஆனால் இந்தியப் பருத்தி விதை வயல்களில் குழந்தை உழைப்பு குறித்து மான்சாண்டோ நிறுவனத்தை விலக்க நிதியின் ஒழுக்கநெறிக் குழு பரிந்துரைத்தபோது, பங்குரிமையைத் தக்கவைத்துக்கொண்டு நிறுவனத்தோடு பேசிச் சீர்திருத்தும் வழியை நார்வே அரசு தேர்ந்தது. அமெரிக்க முறையில் விலக்குதல் எல்லைச் சட்டமாகும். நார்வே முறையில் அது பொது உடைமையாளரின் முடிவாகும்.

பெற்றோர், அரசு, குழந்தை

இவ்வேறுபாட்டின் அடியில் குழந்தை யாருக்குரியது என்னும் வினா உள்ளது. குழந்தை உரிமை உடன்படிக்கையை நார்வே 1991இல் உறுதி செய்தது. உலகில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கென முறைகாண் அலுவலரை 1981இல் அமர்த்தியதும் அந்நாடே. அமெரிக்கா அவ்வுடன்படிக்கையில் 1995இல் கையெழுத்திட்டும் இன்றுவரை உறுதி செய்யவில்லை. பெற்றோர் உரிமையும் மாநில உரிமையும் குறையும் என்னும் அச்சம் அங்கு வலிமையானது. ஆமிஷ் சமயத்தார் தம் பிள்ளைகளை 8ஆம் வகுப்புக்குமேல் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை என 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதேவேளையில் அமெரிக்காவை அக்கறையற்ற நாடாகக் காட்டுவது பொருந்தாது. குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்கள் பற்றிய 182ஆம் உடன்படிக்கையை அது 1999 டிசம்பரிலேயே உறுதி செய்தது. நார்வே அதற்கு ஓராண்டு கழித்தே உறுதி செய்தது. கொடுமையைத் தடுப்பது அமெரிக்கர்க்கு எளிதாக ஒப்பும். குறைந்தபட்ச வயதைப் பொதுவில் வரையறுக்கும் 138ஆம் உடன்படிக்கையை நார்வே 1980இல் ஏற்க, அமெரிக்கா ஏற்காமலிருப்பது இதனைத் தெளிவாக்கும்.

நார்வே வழியும் குறையற்றதன்று. அரசின் மீது கொண்ட நம்பிக்கை அரசின் கைக்கு மிகுந்த வலிமையைத் தருகிறது. அந்நாட்டின் குழந்தைநலத் துறை பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த நிகழ்வுகளுள் சில, ஓர் இந்தியக் குடும்பத்தின் வழக்கு உட்பட, கடும் விவாதத்துக்கு உள்ளாயின. 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் குடும்ப வாழ்வுக்கான உரிமையை நார்வே மீறியதாகத் தீர்ப்பளித்தது.

சாத்தூரை எட்டியவையும் எட்டாதவையும்

சாத்தூர் வட்டாரப் பட்டாசின் சந்தை அமெரிக்கா அன்று, இந்தியத் தீபாவளி. அமெரிக்கர் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பங்கு சீனாவிலிருந்து செல்கிறது. ஆகவே அமெரிக்க எல்லையில் விதிக்கப்படும் தடை இங்குள்ள ஆலை வாயிலை எட்ட வழியில்லை. உடன்படிக்கையின் வழியும் மெல்லவே வந்தது. 138, 182 ஆகிய இரு உடன்படிக்கைகளையும் இந்தியா 2017 ஜூனில்தான் உறுதி செய்தது.

நேரடியாக எட்டியது உச்சநீதிமன்றம். எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கின் முதல் தீர்ப்பு, உற்பத்தியிடத்துக்கு அப்பால் சிப்பமிடும் வேலையில் குழந்தைகளை அனுமதித்தது. பின்னர், 39 பேர் இறந்த பட்டாசு ஆலை விபத்தைத் தானாக முன்வந்து விசாரித்த நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் விரிந்த தீர்ப்பை வழங்கியது. குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பெற்றுத்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்பன அதன் ஆணைகள். குழந்தையை எடுத்தால் அவ்விடத்தில் பெரியவரின் வருவாய் நிற்க வேண்டும் என்னும் கருத்து இங்கு சட்ட வடிவம் பெற்றது. நடைமுறையில் வேலைக்குப் பதில் சிறுதொகை என்னும் மாற்றுவழி அக்கருத்தைத் தளரச் செய்தது. குடும்பத் தொழிலுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருந்த விலக்கு, பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் தொடர இடமளித்தது.

இன்னொரு வழி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அரைநாள் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்னும் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தை 1954இல் கைவிட்ட காமராசர், 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர் தொகுதியிலிருந்தே சட்டமன்றம் சென்றார். அவர் ஆட்சியில் விரிந்த ஊர்ப்பள்ளிகளும் மதிய உணவும் பிள்ளையின் நாள் முழுவதும் பள்ளிக்குரியது என்னும் கொள்கையை நிறுவின. அவ்வகையில் நார்வேயின் 1889ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நெருங்கிய உறவு சாத்தூரின் சட்டமன்ற உறுப்பினரிடமே இருந்தது. அதே உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு உணவுப்பொருள் வழங்கியதும் மறத்தற்குரியதன்று.

2000இல் உடன்பாடு கண்ட இந்திய-அமெரிக்கக் குழந்தை உழைப்புத் திட்டம் விருதுநகர் மாவட்டத்தையும் உள்ளடக்கியது. இரு நாடுகளும் சம அளவில் நிதி வழங்கின. இடைநிலைப் பள்ளிகள், தொழிற்பயிற்சி, பெற்றோர்க்கான வருவாய்த் துணை ஆகியவை அதில் இடம்பெற்றன. தடையை விட்டுப் பள்ளியைக் கையிலெடுத்தபோதே அமெரிக்கப் பணம் இவ்வட்டாரத்தை வந்தடைந்தது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

அமெரிக்க அரசியல் பண்பாடு சரக்கின் எல்லையில் அறத்தை நிறுத்துகிறது. நார்வே அரசியல் பண்பாடு அரசின் கடமையில் அதனை நிறுத்துகிறது. முதலாவது விரைவானது, அதன் சந்தைக்குள் வராத ஊரை அது எட்டுவதில்லை. இரண்டாவது பரந்தது, ஏற்கும் அரசின் விருப்பத்தை அது எதிர்நோக்கி நிற்கிறது. இவை குணவேறுபாடுகள் அல்ல; 1912இன் தீக்குச்சி வரியும் 1889இன் பள்ளிச் சட்டமும் வகுத்த பழக்கங்கள்.

இரண்டிலும் பொதுவான ஒரு குறையைச் சாத்தூர் காட்டுகிறது. அமெரிக்காவில் குழந்தைக்குத் தடையும் பெரியவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஒரே சட்டத்தில் பிறந்தன. நார்வேயில் பள்ளியும் ஆலைக் கண்காணிப்பும் பெண்களின் போராட்டமும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டபோது குழந்தை முன்நிற்க, பெரியவரின் கூலியும் பாதுகாப்பும் துணைக்கூறாகச் சுருங்கின. இன்று இவ்வட்டார ஆலைகளுக்குள் குழந்தைகள் பெரிதும் குறைந்துள்ளனர். ஆயினும் 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகள், பிள்ளை பள்ளிக்குச் சென்ற பின்னும் மருந்தின் முன்னே அமர்ந்திருப்போர் அப்பிள்ளையின் தாயும் தந்தையுமே என்பதை உணர்த்தின. பள்ளி தொடங்கிவைத்த பணியை ஆலைப் பாதுகாப்பும் போதிய கூலியும் நிறைவு செய்யாதவரை, குழந்தை மீட்பு என்பது பாதி நிறைவேறிய பணியாகவே இருக்கும்.